வடிவேலு அறிவாளியா, வெறும் கோமாளியா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் நான் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்த காலத்தில் தொடங்கிய வாக்குவாதம் இது. கேசட் போய் சிடி வந்து, அதுவும் போய் எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண விருந்திலும் கோவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டும் இடத்திலும் வடிவேலுவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அவரைப் போல் ஒரு மேதை பிறக்கவே இல்லை என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அடி வாங்கி அழுவதைத் தவிர அவருக்கு என்ன தெரியும் என்று மீதிப் பேர் கேட்கிறார்கள்.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெரிய அறிவாளி என்பது என் முடிவு. அவர் மேல் சொல்லப்படும் குறைகளில் சில உண்மை என்பதும் என் முடிவுதான்.

யாருண்ணே இவரு? எனக்கு மீம்ஸ்ல பாத்த முகம்தான் தெரியும். எப்ப சினிமாவுக்கு வந்தாரு?

மதுரைக்காரர். 1991ல் வந்த 'என் ராசாவின் மனசிலே' படத்தில் ராஜ்கிரண் அவரை அறிமுகப்படுத்தினார். அப்போது கவுண்டமணியும் செந்திலும் கொடிகட்டிப் பறந்த நேரம், இவருக்குக் கிடைத்தது ஓரத்து வேடங்கள். 1992ல் 'தேவர் மகன்' படத்தில் இசக்கியாக வந்தபோது பலர் முகத்தைக் கவனித்தார்கள். 2000க்குப் பிறகு பத்து ஆண்டுகள் அவர் இல்லாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2011க்குப் பிறகு நீண்ட இடைவெளி, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. 2023ல் 'மாமன்னன்', 2025ல் 'மாரீசன்' என்று வேறொரு முகத்தோடு திரும்பி வந்திருக்கிறார்.

பள்ளிக்கூடமே ஒழுங்கா போகாதவர எப்படி அறிவாளின்னு சொல்றீங்க?

தனக்குப் படிப்பு இல்லை என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், மறைத்ததில்லை. இந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்கும்போது எனக்கு மனது வலிக்கிறது. ஹீவூட், டோவன்பி, கமுனிங் என்று இங்கே சுற்றியிருந்த தோட்டங்களில் வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் அறிவாளி என்று பெயர் வாங்கியவர் யார்? இங்கிலீஷ் தெரிந்த கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. பால்மரம் வெட்டிய நம் பாட்டிக்கு அந்தப் பெயரை யாரும் கொடுக்கவில்லை. பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழுந்து பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. மேலாக நின்றால் பால் குறையும். விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஆழத்தைக் கை தவறாமல் பிடித்தவர் பாட்டி. அது அறிவில்லையென்றால் வேறு எது அறிவு?

வடிவேலுவின் அறிவும் அப்படிப்பட்டது. ஒரு பயந்தாங்கொள்ளி எப்படி நிற்பான், கடன் கொடுத்தவன் எதிரே வந்தால் தோள் எப்படி ஒடுங்கும், பொய் சொல்பவன் மூச்சை எங்கே இழுப்பான் என்பதையெல்லாம் ஆட்களைப் பார்த்தே படித்தவர். அந்தப் படிப்புக்குப் பரீட்சை கிடையாது. ஒரு கொட்டகை முழுக்க ஒரே நொடியில் சிரிக்கிறதே, அதுதான் அதற்குக் கிடைத்த சான்றிதழ்.

அடி வாங்குறதுல என்ன காமெடி இருக்கு? பாவமாத்தானே இருக்கு?

அடியைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அடிக்கு முன்னால் அவர் விடும் வீறாப்பையும், அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணில் ஓடும் கணக்கையும், வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வேட்டியை மடித்துக் கட்டி நடப்பதையும் பார்த்துத்தான் சிரிக்கிறோம். 'வின்னர்' படத்தில் அவர் நடித்த கைப்புள்ள முழுக்க முழுக்க அந்த மூன்றும்தான்.

அடியே இல்லாமலும் அவர் இதைச் செய்திருக்கிறார். 2000ல் வந்த 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் துபாயிலிருந்து திரும்பியவராக வந்து பெருமை பேசுவார், பார்த்திபன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அந்தப் பெருமையை உரித்துவிடுவார். அந்தக் கேசட்டை என் கடையில் எடுத்தவர்கள் திருப்பித் தர மனமில்லாமல் கெடுவை நீட்டிக் கேட்பார்கள். காரணம் எனக்குப் புரிந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் தீபாவளிக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கும் ஆள் ஒவ்வொரு லயத்திலும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலும், ஒருவர் இருந்தார். அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் பேச்சு மாறும். சிரித்தவர்கள் அந்த ஆளைத் தெரிந்தவர்கள், பல வீடுகளில் அந்த ஆளின் சொந்தக்காரர்கள்.

லயத்தில் மீசையை முறுக்கிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்தை நடத்தும் துரை முன்னால் கையைக் கட்டி நின்ற மனிதர்களை நம் மூத்தவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். வலியவனிடம் வாயைத் திறக்க முடியாதவன் எளியவனிடம் காட்டும் வீரத்தை வடிவேலு நடிக்கிறார். தோட்டத்து மக்களுக்கு அவர் உடனே பிடித்துப்போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விவேக்தானே உண்மையான அறிவாளி? கருத்து சொல்றது அவர்தானே?

விவேக் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், 1987ல் பாலசந்தர் அறிமுகப்படுத்தியவர், 'சின்னக் கலைவாணர்' என்று மக்கள் அழைத்தவர், 2009ல் பத்மஸ்ரீ பெற்றவர். அப்துல் கலாம் சொன்னதைத் தலைமேல் ஏற்று மரம் நடுவதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். 2021 ஏப்ரல் 17ல் அவர் இறந்த செய்தி வந்தபோது நம் ஊரில் அழுதவர்களைப் பார்த்தேன்.

ஆனால் கருத்தை வாய்விட்டுச் சொல்வது மட்டும்தான் அறிவா? விவேக் மூடநம்பிக்கையைக் கேலி செய்யும்போது அவர் பாத்திரம் அறிவோடு நிற்கும், எதிரே நிற்பவன் முட்டாளாக இருப்பான். வடிவேலு அந்த முட்டாளாகவே மாறிவிடுவார். முட்டாள்தனம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இரண்டு வழி. 2001ல் வந்த 'மனதைத் திருடிவிட்டாய்' படத்தில் இருவரும் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள், இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

வசனம் எழுதுறது வேற ஆளு, டைரக்ட் பண்றது வேற ஆளு. இவரு சும்மா சொல்றத சொல்றாரு. அதுல என்ன மூளை?

நியாயமான கேள்வி. தமிழ் சினிமாவில் நகைச்சுவைப் பகுதிக்கென்றே தனியாக எழுத ஆட்கள் இருந்தார்கள். கவுண்டமணி–செந்திலுக்கு வீரப்பன் எழுதிக் கொடுத்தவை இன்றும் ஓடுகின்றன. வடிவேலுவைச் சுற்றியும் ஒரு குழு இருந்தது. 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' சிம்புதேவனின் எழுத்தும் இயக்கமும். அவர்களுக்குப் போக வேண்டிய பெயரை நாம் பிடுங்கக் கூடாது.

இப்போது வடிவேலு நடித்த மேஸ்திரி நேசமணியை எடுத்துக்கொள்வோம். 2001ல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' ஒரு மலையாளப் படத்தின் மறு ஆக்கம். இரண்டையும் இயக்கியவர் சித்திக்தான். மலையாளத்தில் அதே வேடத்தில் நடித்தவர் ஜெகதி ஸ்ரீகுமார், அவரும் சாதாரண நடிகர் இல்லை. கதை அதே, சம்பவம் அதே, சுத்தியல் தலையில் விழுவதும் அதே. ஆனால் தமிழில் அந்த மேஸ்திரி மதுரைப் பக்கத்து மனிதராகவே மாறிவிட்டார். வேலை தெரியாத எடுபிடிகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டை, எழுதிக் கொடுத்த வரிகளைக் காட்டிலும் அவர் பெருமூச்சுதான் அதிகமாகச் சொல்லும்.

நம்பிக்கை வரவில்லையா? ஏதாவது ஒரு காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனகர்த்தா வெளியே போய்விடுவார். அப்போதும் சிரிப்பு வரும். அந்த மிச்சம் முழுவதும் வடிவேலுவின் மூளை.

அப்படின்னா புலிகேசி படம் ஓடினது சிம்புதேவனாலயா, வடிவேலுவாலயா?

மேலே சொன்ன பதில்தான், பங்கு இருவருக்கும் உண்டு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 2006ல் வந்த அந்தப் படத்தில் அவருக்கு இரட்டை வேடம். ஒருவன் கோழையான அரசன், இன்னொருவன் போராளித் தம்பி. தம்பி வரும் காட்சிகளில் சிரிப்பு மூட்ட ஒரு சின்ன முயற்சிகூடச் செய்யாமல் நேராக நிற்பார். சிரிக்க வைக்கத் தெரிந்தவன் எங்கே சிரிக்க வைக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம்.

2011ல நல்லா இருந்த மார்க்கெட்ட அரசியல் பேசியே கெடுத்துக்கிட்டாரே. புத்தி உள்ளவன் செய்ற வேலையா அது?

நடந்தது இதுதான். 2011 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் அவர் தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்தார், விஜயகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். இருவருக்கும் அதற்கு முன்பே மனக்கசப்பு இருந்தது. தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி வென்றது, அந்தக் கூட்டணியில் நின்ற விஜயகாந்தின் கட்சி 29 இடங்களைப் பிடித்து, அவர் எதிர்க்கட்சித் தலைவரே ஆகிவிட்டார். வடிவேலுவுக்குப் பட வாய்ப்பு வற்றியது. 2014ல் 'தெனாலிராமன்', 2015ல் 'எலி' என்று வந்தார், பழைய ஓட்டம் இல்லை. புலிகேசியின் அடுத்த பாகம் தொடங்கித் தகராறில் நின்றது, அந்தப் பிரச்சினை 2021ல்தான் தீர்ந்தது.

தொழில் கணக்கில் அது தப்புக் கணக்கு, அதில் சந்தேகமில்லை. மேடையில் பேசிய தொனியும் எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தக் கோபம் அரசியல் போல் உடுத்திக்கொண்டு வந்தது அது. ஆனாலும் ஒரு தப்புக் கணக்கை வைத்து ஒரு கலைஞனின் அறிவை மொத்தமாக அடித்துவிட முடியாது. நம் ஊரில் தேர்தலில் தோற்கிற பக்கம் நின்றவர்கள் எத்தனை பேர், எல்லாரும் முட்டாள்களா?

மாமன்னன் பாத்த பிறகுதான் இவரு பெரிய நடிகர்னு ஒத்துக்கிட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?

நீங்கள் ஒத்துக்கொண்டதில் மகிழ்ச்சி. மாரி செல்வராஜ் இயக்கிய அந்தப் படத்தில் வடிவேலு தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பதவி இருந்தும் ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிற மனிதர். எனக்கு அந்த நிற்கும் காட்சியில் நெஞ்சு அடைத்தது. தோட்டத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இந்த நாட்டில் இருந்தது. 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. உட்காருவதும் இறங்காமல் சைக்கிள் ஓட்டுவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அழவைத்த பிறகுதான் நடிகன் என்று ஒத்துக்கொள்வேன் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாமன்னனின் ஒடுங்கிய தோளும் கைப்புள்ளயின் ஒடுங்கிய தோளும் ஒரே ஆளுடையவை. முன்பு சிரித்தோம், இப்போது அழுதோம். அவர் முப்பது வருடமாக அதே பயத்தைத்தான் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நேசமணி மீம்ஸ் எல்லாம் பசங்க செஞ்சதுதானே? அதுக்கு இவருக்கு எதுக்கு பேரு?

2019 மே மாதக் கடைசியில் நடந்தது. முகநூலில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் சுத்தியல் என்று அதன் பெயரைச் சொல்லி, இதுதான் நேசமணியின் தலையில் விழுந்தது என்று எழுதினார். அடுத்த நாளே நேசமணிக்காகப் பிரார்த்தனை என்று டுவிட்டரில் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் புதிய அரசு பதவியேற்கும் நாளில் ஒரு சினிமாப் பாத்திரத்துக்காக ஊரே கவலைப்பட்டது.

ஆமாம், செய்தது இளைஞர்கள். ஆனால் பதினெட்டு வருடம் பழைய படத்தின் ஒரு பாத்திரம் பெயரும் தொழிலும் அடிபட்ட இடமும் உட்பட எல்லார் மனதிலும் அப்படியே இருந்தால்தான் அந்த விளையாட்டு நடக்கும். கேலிப்படம் போடும் பிள்ளைகள் அவர் முகத்தையே தேடுவதற்கும் காரணம் உண்டு. சந்தேகம், அசடு, பொய்த் தைரியம் என்று ஒவ்வொரு உணர்ச்சியும் படத்தை நிறுத்திப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் முகம் அது.

எம் பையன் இவரு மாதிரியே பேசுறான். தமிழ்ப் பள்ளியில படிக்கிற பிள்ள, தமிழ் கெட்டுப் போகாதா?

போகாது அக்கா. மகாத்மா காந்தி கலாசாலை போன்ற பள்ளி இருக்கும் ஊர் இது, எழுத்துத் தமிழை அங்கே ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மலாய்ச் சொல் பாதி, இங்கிலீஷ் பாதி கலந்து பேசும் பையன் வீட்டில் மதுரைத் தமிழில் நாலு வாக்கியம் முழுதாகப் பேசினால் நான் சந்தோஷப்படுவேன். கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு, அது அடுத்த கேள்வியில்.

கறுப்பா இருக்கிறவங்களையும் பொம்பளைங்களையும் கேலி பண்றதும் அறிவா?

இல்லை. இந்த இடத்தில் நான் அவருக்காக வாதாட மாட்டேன். நிறத்தை, உருவத்தை, உயரத்தை வைத்துச் சிரிக்க வைத்த காட்சிகள் அவர் படங்களில் நிறைய உண்டு. பெண்ணைப் பார்த்து ஜொள் விடுவதே முழு நகைச்சுவையாக இருக்கும் படங்களும் உண்டு. பெரும்பாலும் கேலிக்கு ஆளாவது அவர் நிறமும் அவர் உருவமும்தான் என்று சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கோவை சரளாவோடு வரும் காட்சிகளில் உதை வாங்குவது இவர்தான். ஆனால் படம் முடிந்த பிறகு அந்தக் கேலி யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள். வகுப்பில் கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு அவர் பாத்திரத்தின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை கைத்தட்டல் வாங்கும் நடிகன் இல்லை. வீட்டுக்கு வந்து பவுடரை அப்பிக்கொண்டு நிற்கிறது.

தமிழ் சினிமா முழுவதற்கும் உள்ள நோய் இது, இவர் ஒருவர் தொடங்கியது இல்லை. இருந்தாலும் மேலே இரண்டாவது கேள்வியில் ஆட்களைப் பார்த்துப் படித்தவர் என்று சொன்னேனே, அவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த வலி தெரிந்திருக்கும். ஆகவே குறை அவருக்கும் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

நேர்ல ஆளு நல்லவர் இல்லையாமே? கூட நடிச்சவங்களே சொல்றாங்க.

அவரோடு நடித்த சிலர் வருத்தப்பட்டுப் பேட்டி கொடுத்திருப்பது உண்மை. அது அவர்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. இந்தப் பக்கத்தின் கேள்வி அவர் கலையும் அறிவும் பற்றியது.

நம்ம மலேசியக் காமெடியன்களுக்காக யாரும் இப்படிச் சண்டை போடறதில்லையே, ஏன்?

எனக்கும் இது பெரிய ஆதங்கம். நம் கலைஞர்கள் மேடையில், வானொலியில், தொலைக்காட்சியில், இப்போது டிக்டாக்கிலும் நன்றாகச் செய்கிறார்கள். மலாயும் சீனமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் ஓடும் நம் பேச்சை வைத்து இங்கே மட்டுமே பிறக்கக்கூடிய நகைச்சுவை அது. ஆனால் திருவிழா மேடைக்குக் கூப்பிடும்போது நாம் அவர்களிடம் கேட்பது என்ன? "வடிவேலு மாதிரி செய்யுங்க." கேட்டதைத்தான் கொடுப்பார்கள். தோட்டத்தில் இருந்து டவுன் தாமான் குடியிருப்புக்கு வந்து லோரி ஓட்டும் ஆளை, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு வேலையிழந்த மண்டோரை, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரை, நம் மேடையில் நம் ஆள் நடித்தால் நாம் டிக்கெட் வாங்கிப் போக வேண்டும். ஆள் தேறுவதற்குக் கொட்டகை நிறைய வேண்டும்.

எங்கப்பா ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. நாகேஷுக்குப் பிறகு யாருமே இல்லங்கிறாரு. எந்தப் படத்தப் போட்டுக் காட்டலாம்?

அப்பாவிடம் நாகேஷைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். நாகேஷின் உடம்பில் இருந்த வேகத்தைப் பற்றி முதலில் அவரையே பேசவிடுங்கள். அப்புறம் அதே உடம்பு வேலையை வைத்து 'வின்னர்' படத்தில் ஒரு காட்சி மட்டும் போடுங்கள். முழுப்படமும் வேண்டாம், பெரியவர்களுக்குக் கதாநாயகன் சண்டையில் பொறுமை போய்விடும்.

அடுத்த வாரம் 'வெற்றிக் கொடி கட்டு' துபாய்க் காட்சிகள். அவர் சிங்கப்பூருக்குப் போய்வந்த தன் கூட்டாளி யாரையாவது நினைத்துக்கொள்வார், பேச்சு தானாகக் கிளம்பும். புலிகேசியை முழுதாகப் பார்க்கலாம், அந்தக் கால ராஜா படங்கள் பார்த்து வளர்ந்தவருக்கு அதன் கேலி நம்மைவிட நன்றாகப் பிடிபடும். 'மாமன்னன்' கடைசியில். அந்தப் படம் முடிந்ததும் உடனே கருத்துக் கேட்காமல் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், அவரே தொடங்கட்டும். தோட்டத்தில் இருந்தவர் என்றால் துரையைப் பற்றித்தான் முதலில் பேசுவார், வடிவேலுவுக்கு வர நேரமாகும்.